நால்வகைத் துயரம், ஓர் உடல்

‘இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே’ என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். பிறரால் இகழப்படுவது, உயிரையோ உறவையோ பொருளையோ பறிகொடுப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, இல்லாமையில் உழல்வது ஆகிய நான்கு வழிகளில் அழுகை பிறக்கும் என்பது அந்த நூற்பாவின் கணக்கு. செய்யுளுக்கு எழுதப்பட்ட இலக்கணம் அது. மருத்துவம் பேச வந்ததல்ல. எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்டவும் இதில் இடமில்லை. ஆனால், துயரம் எந்த வழியாக வந்தது என்று முதலில் கேட்கும் அந்த ஒழுங்கை நாம் கைவிட்டுவிட்டோம். கணவரை இழந்தவருக்குத் தூக்க மாத்திரை, கடனில் மூழ்கியவருக்கு யோகாசன அறிவுரை, மனச்சோர்வு நோய் முற்றியவருக்குக் குலதெய்வக் கோயில் என்று ஆள்மாற்றி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உளவியல் ஆய்வாளர்களும் இந்தப் பிரிவினைக்குத் தாமதமாகத்தான் வந்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டையர்களை வைத்து நீண்டகாலம் ஆய்வு செய்த கென்னத் கெண்ட்லரின் குழு, வாழ்க்கையில் நேரும் கெட்ட நிகழ்வுகளை இழப்பு, அவமானம், சிக்கிக்கொள்ளுதல், ஆபத்து எனப் பிரித்து, எது எந்த நோயில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தது. 2003இல் வெளியான அந்த முடிவுகளின்படி, ஆபத்து வரப்போகிறது என்ற நிலை பதற்ற நோயை நோக்கித் தள்ளுகிறது; இழப்பும் அவமானமும் மனச்சோர்வை நோக்கித் தள்ளுகின்றன. துணைவர் இறந்துபோவதைவிட, துணைவர் உதறிவிட்டுப் போவது மனச்சோர்வுக்குக் கூடுதலாக வழிவகுக்கிறது என்பதுதான் அதில் முக்கியமான கண்டுபிடிப்பு. இரண்டிலும் ஆள் இல்லாமல் போகிறார். இரண்டாவதில் இளிவும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் இழவைப் பார்ப்போம். அதைப் பற்றித்தான் மருத்துவம் அதிகம் அறிந்திருக்கிறது.

1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் ‘கோகோநட் குரோவ்’ இரவு விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களையும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும் சந்தித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டெமான், வேறு வகையில் உறவினரை இழந்தவர்களையும் சேர்த்து ஆராய்ந்து 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். துக்கத்தின் உடற்குறிகளை அவர் விவரித்த விதம் இன்றும் மாறவில்லை: தொண்டை இறுகுகிறது, மூச்சு முட்டுகிறது, அடிக்கடி பெருமூச்சு வருகிறது, வயிறு வெறுமையாகக் கிடக்கிறது, கைகால்களில் வலு இல்லை. இவை நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. அலையலையாக வருகின்றன, ஓர் அலை இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நீடிக்கிறது. யாராவது பார்க்க வந்தாலோ, இறந்தவரின் பேரைச் சொன்னாலோ, ஆறுதல் கூறினாலோ அலை எழும்பிவிடுகிறது. இழவு வீட்டில் உட்கார்ந்திருந்த எவருக்கும் இது புதிதல்ல. மாலையோடு அடுத்த ஊர்க்காரர்கள் வாசலில் இறங்கும்போது, அதுவரை அடங்கியிருந்த வீடு மறுபடியும் கதறும்.

இந்த அலை உடலின் அவசரகால ஏற்பாடு. அட்ரினலின் பாய்கிறது, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இளைஞரின் உடல் இதைத் தாங்கிவிடும். ஏற்கெனவே ரத்தக்குழாயில் கொழுப்புப் படிந்த அறுபது வயதுக்காரருக்கு இது விளையாட்டல்ல. மாரடைப்பு வந்து பிழைத்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேரிடம் அமெரிக்காவில் விசாரித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, நெருங்கிய ஒருவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைப்போல் 21 மடங்கு என்றது. அடுத்தடுத்த நாட்களில் அது குறைந்துகொண்டே வருகிறது. 21 மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு நாளில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகச் சிறியது, அதன் 21 மடங்கும் சிறியதுதான். இருந்தாலும் ஒரு காரியம் செய்யலாம். சாவு வீட்டில் எல்லோரும் பிணத்தைச் சுற்றியே நிற்கிறோம். மூலையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் காலையில் பிரஷர் மாத்திரை போட்டாரா, சர்க்கரை நோய்க்காரர் ஏதாவது சாப்பிட்டாரா என்று ஒருவர் கேட்டாலே போதும்.

இது முதல் நாளோடு முடிவதில்லை. பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த காலின் மர்ரே பார்க்ஸ் குழு 1969இல் தந்த கணக்கு இது: முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்தனர், அதே வயதுடைய, மனைவி உயிரோடிருக்கும் ஆண்களிடையே எதிர்பார்க்கப்படும் அளவைவிட இது 40 சதவீதம் அதிகம். கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளில் பெரும்பகுதி இதய நோயால். ஆஸ்திரேலியாவில் ரோஜர் பார்ட்ராப் குழு 1977இல் வாழ்க்கைத்துணையை இழந்த 26 பேரின் ரத்தத்தைச் சோதித்தது. சில வாரங்கள் கழித்து, நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் வெள்ளணுக்களின் செயல்வேகம் மந்தமாகியிருந்தது. கிழவி போன மூன்றாம் மாதம் கிழவரும் போய்விட்டார் என்று ஊரில் சொல்வார்களே, அது வெறும் கதையல்ல.

நெஞ்சு வெடித்துவிட்டது என்ற பேச்சுக்கும் ஒரு மருத்துவ உருவம் கிடைத்திருக்கிறது. 1990இல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஹிகாரு சாட்டோ குழுவினர் ஒரு விசித்திரமான இதயக் கோளாறை விவரித்தார்கள். நெஞ்சுவலியோடு நோயாளி வருகிறார். ஈசிஜி மாரடைப்பு என்கிறது. ஆஞ்சியோகிராம் செய்தால் அடைப்பே இல்லை. இதயத்தின் இடது கீழறை மட்டும் நுனியில் பலூன்போல உப்பி, சுருங்க மறுக்கிறது. அந்த வடிவம் ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்திருந்ததால் ‘தகோட்சுபோ’ என்ற பெயர் நிலைத்தது. மரணச் செய்தி, விபத்து, கடுமையான சண்டை போன்றவற்றைத் தொடர்ந்து இது வருவதுண்டு. 2004இல் நீகாட்டா பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இத்தகைய நோயாளிகள் திடீரெனப் பெருகினார்கள். வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய்ந்து இதயத்தசையை மரத்துப்போகச் செய்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சிலருக்கு உயிரே போவதும் உண்டு. ஆகவே ‘அழுத அதிர்ச்சிதான், சரியாகிவிடும்’ என்று நெஞ்சுவலியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது மடமை.

மூளையில் இழவு எப்படித் தெரிகிறது? 2008இல் மேரி ஃபிரான்சிஸ் ஓ’கானர் குழு, மார்பகப் புற்றுநோயால் தாயையோ சகோதரியையோ இழந்த பெண்களுக்கு இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையைப் படமெடுத்தது. வலியோடு தொடர்புள்ள பகுதிகள் எல்லோருக்கும் கிளர்ந்தன. ஆனால் துக்கத்திலிருந்து மீளவே முடியாமல் இருந்தவர்களுக்கு மட்டும் இன்னோர் இடமும் சேர்ந்து கிளர்ந்தது. விரும்பியது கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில் விழித்துக்கொள்ளும் பகுதி அது. அதாவது, இவர்களின் மூளை இன்னும் காத்திருக்கிறது. ஆறாத துக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்: மனச்சோர்வில் எதையும் விரும்பத் தோன்றாது, இதிலோ விருப்பம் ஒரே ஆளின்மேல் குவிந்து அடங்க மறுக்கிறது.

துக்கம் ஐந்து படிகளில் நகரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலையும் இங்கே கழித்துவிடலாம். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசி. உறவைப் பறிகொடுத்தவர்களைப் பின்தொடர்ந்து அல்ல. நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரூப், ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் முன்வைத்த சித்திரம் வாழ்க்கைக்கு நெருக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் இடையே ஊசலாடுகிறார். காலையில் அழுகிறார், மதியம் வங்கிக்கு அலைகிறார், மாலையில் பேரனின் குறும்பைப் பார்த்துச் சிரித்தும்விடுகிறார். ஐந்தாம் நாளே சிரித்தாள் என்று குறை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எந்தக் கணக்குக்குள்ளும் அடங்காத இழவு ஒன்று இருக்கிறது. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத இழப்பைத் தனி வகையாகப் பிரித்தார். இலங்கையில் காணாமல்போனவர்கள் என 16,000க்கும் மேற்பட்டோரைப் பற்றிய முறைப்பாடுகள் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதிவாகியிருக்கின்றன. 2017இலிருந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவில் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். உடல் இல்லை, ஆகவே அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. பொட்டை அழிப்பதா வைத்துக்கொள்வதா என்று ஒரு மனைவியால் முடிவெடுக்க இயலாது. கிரியை செய்தால் அவரைத் தானே கொன்றதுபோலாகும். செய்யாவிட்டால் காத்திருப்பு முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்வை முடக்கும் துக்கத்தை இப்போது தனி நோயாக வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநலச் சங்கம் 2022இல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று எல்லை வைத்தது. இரண்டும் இறப்பிலிருந்து நாளை எண்ணுகின்றன. இந்தத் தாய்மாருக்கு அந்தக் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை. அவர்களைப் பார்த்து ‘இன்னுமா?’ என்று கேட்பது மருத்துவமும் அல்ல, மனிதமும் அல்ல.

இளிவு வேறு விதமாக வேலை செய்கிறது. இழந்தவரின் கவனம் போனவர்மேல் இருக்கும். இழிவுபட்டவரின் கவனம் தன்மேலேயே திரும்பும். உடலின் அழுத்த ஹார்மோனான கார்டிசாலைப் பற்றிய 208 ஆய்வுக்கூடச் சோதனைகளை சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004இல் தொகுத்துப் பார்த்தார்கள். கடினமான வேலை கொடுப்பது மட்டும் கார்டிசாலைப் பெரிதாக ஏற்றுவதில்லை. நான்கு பேர் எடைபோடப் பார்த்துக்கொண்டிருக்க, நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றில் தோற்கும்போதுதான் அது மிக உயரப் போகிறது. இறங்கவும் அதிக நேரம் எடுக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவன் தெருவில் நின்று கத்துவது, வகுப்பு முழுவதும் கேட்க மதிப்பெண்ணை வாசிப்பது, சாதியைச் சொல்லி ஒதுக்குவது எல்லாம் இந்தச் சூத்திரத்தை அப்படியே நிறைவேற்றுகின்றன. அவமானத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நிகழ்ந்தது ஒரு தரம்தான், மனம் அதை நூறு தரம் ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உடல் பதில் சொல்கிறது. கார்டிசால் இப்படி நீண்டநாள் உயர்ந்தே இருந்தால் தூக்கம் கெடும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும்.

வேலூரைச் சேர்ந்த மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மாரிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வது பொருந்தும். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் பல பெண்களுக்குக் காரணமின்றி அழுகை வரும். ஹார்மோன் மாற்றத்தோடு வரும் அது இரண்டு வாரத்துக்குள் போய்விடும். வேலூர்க்காரர்கள் பார்த்தது அதையல்ல, அதற்கப்பால் நீடிக்கும் மனச்சோர்வை. அது புதிதாக வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது? வருமானம் குறைந்தவர்களுக்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு கசந்தவர்களுக்கு, உதவிக்கு ஆளில்லாதவர்களுக்கு, ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு. இதில் கர்ப்பப்பையின் பங்கு எவ்வளவு, கூடத்தில் பேசப்பட்ட பேச்சின் பங்கு எவ்வளவு என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். இழவுக்கு ஊர் கூடுகிறது, பதினாறாம் நாள் என்று ஒரு முடிவும் வைக்கிறது. இளிவுக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை.

அசைவு என்பதை முன்பிருந்த நல்ல நிலை கெட்டுத் தாழ்தல் என்று உரைகள் விளக்குகின்றன. புலம்பெயர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980களின் பிற்பகுதியிலிருந்து ஈழத் தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கே குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிப்பதில்லை. ஒளி குறைவதால் வரும் பருவகால மனச்சோர்வை 1984இல் நார்மன் ரோசந்தால் குழு விவரித்தது. அதில் தூக்கம் கெடுவதில்லை, கூடுகிறது. பசியும் கூடி, மாவுப்பண்டங்களின்மேல் ஆசை வருகிறது. 10,000 லக்ஸ் ஒளிச்செறிவுள்ள விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காருவது அதற்கான எளிய சிகிச்சை. ஆனால் அந்த மீன்பிடி ஊர் ஒன்றில் தமிழர்களோடு தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் கிரென்செத் கண்டது விளக்கால் தீராத ஒன்று. உடம்பெல்லாம் வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று அவர்கள் சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். பரிசோதனையில் எதுவும் பிடிபடவில்லை. உறவும் கோயிலும் ஊர் மரியாதையும் சேர்ந்து தாங்கிய ஆளுமை அங்கே தாங்க ஆளின்றி நின்றதோடு அவர் அந்த வலியைத் தொடர்புபடுத்தினார்.

வறுமைக்கு வருகிறேன். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் செய்த ஆய்வு 2013இல் உலகக் கவனம் பெற்றது. கரும்புக்காரருக்குப் பணம் வருவது வெட்டு முடிந்த பிறகு. வெட்டுக்கு முன்னால் நகை அடகுக்குப் போயிருக்கும். அதே விவசாயிக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தபோது, கையில் காசில்லாத காலத்தில் மதிப்பெண் குறைந்தது. புத்தி மாறவில்லை, கடன் கணக்கு மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். புள்ளியியல் முறையில் குறை கண்டவர்களும் உண்டு, ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. இந்தோனேசியாவிலிருந்து 2019இல் வந்த சான்று இன்னும் உறுதியானது: ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த பகுதிகளில் தற்கொலை விகிதம் 18 சதவீதம் குறைந்தது. மனநல ஆலோசகர் யாரும் போகவில்லை. பணம் போனது. இல்லாமையால் வந்த துயரத்துக்கு மனத்திடம் போதிப்பவர்கள்மேல் எனக்கு வரும் எரிச்சலுக்கு இதுவே காரணம்.

இந்த நான்கு வழிகளிலும் வராத துயரம் ஒன்று உண்டு. நல்ல வேலை, நல்ல குடும்பம், குறையேதும் இல்லை. ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, காலைப்பொழுது மலைபோலக் கனக்கிறது, சோறு மண்ணாகத் தெரிகிறது, பேச்சும் நடையும் மெதுவாகின்றன. இது நோய். ஹெபடைடிஸ் சி தொற்றுக்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டபோது, அதுவரை நன்றாக இருந்த நோயாளிகளில் கணிசமானோருக்குச் சில வாரங்களில் மனச்சோர்வு வந்தது. ஊசி கிளப்பியது உடலின் நோய் எதிர்ப்பு அழற்சியை. இழவோ இளிவோ அங்கே எதுவும் நிகழவில்லை. மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் அழற்சி இருப்பதில்லை என்றாலும், காரணம் வெளியில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை இது ஒன்றே உடைத்துவிடுகிறது.

துக்கத்தையும் இந்த நோயையும் பிரித்தறிவது சில நேரம் மருத்துவருக்கே கடினம். துக்கத்தில் உலகம் வெறுமையாகிறது, இந்த நோயில் ‘நான்’ வெறுமையாகிறது என்று ஃபிராய்டு 1917இலேயே கோடு கிழித்தார். அந்தக் கோடு இன்றும் பயன்படுகிறது. துக்கத்தில் அலைகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் இருக்கும். நோயில் இராது, நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற எண்ணம் நாளெல்லாம் ஒரே சுருதியில் ஒலிக்கும். அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கும் மேலே இந்த நோய் வந்து சேரலாம் என்பதால், இறப்பு நேர்ந்த முதல் இரண்டு மாதத்தில் மனச்சோர்வு நோய் என்று முடிவுகட்டக் கூடாது என அமெரிக்க மனநலச் சங்கம் தந்திருந்த விலக்கை அது 2013இல் எடுத்துவிட்டது. அழுவதையெல்லாம் நோயாக்குகிறார்கள் என்று அப்போது எழுந்த சச்சரவிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நம் மருத்துவமனைகளில் சிக்கல் வேறு. மனச்சோர்வு உள்ளவர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெங்களூரு உட்பட 14 நாடுகளின் மையங்களில் நடந்து 1999இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு இருந்தவர்களில் 69 சதவீதத்தினர் உடல் உபாதையை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்திருந்தார்கள். தலைவலி, முதுகுவலி, அசதி, வாயு. ஸ்கேன் எடுக்கிறார்கள், சத்து மாத்திரை தருகிறார்கள், ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்புகிறார்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெரியவர்களில் இருபதுக்கு ஒருவர் வாழ்நாளில் என்றாவது மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கிறார். அத்தனை பேரையும் பார்க்க மனநல மருத்துவர்கள் இல்லை. கோவாவில் விக்ரம் படேல் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. மனநலப் படிப்பு ஏதுமில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசவைத்தார்கள். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை மறுபடி தொடங்கவைப்பதுதான் முக்கியப் பாடம். 2017இல் வெளியான முடிவில், மூன்று மாதத்தில் அவர்களில் 64 சதவீதத்தினர் குணமடைந்திருந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

மாத்திரை தொடங்கினால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பலரும் பத்தாம் நாள் நிறுத்திவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்றே தெரியாதவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி சேவை 14416 என்ற எண்ணில் இருக்கிறது. கட்டணம் இல்லை, இரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.